பதினான்கு வாளிக் கற்கள்

லொரெய்ன் ஹவ்ரிலாவின் வலது கால் ஓரிடத்தில் நிற்காது. மேசைக்கு அடியில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். டானரி கிரீக் தொடக்கப் பள்ளியின் முன் அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக அந்தக் கால் ஆடியதில், தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பை மூன்று தடவை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டைத் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது முப்பத்து நான்கு வயதில் இந்த வேலைக்கு வந்தவள். இப்போது அறுபத்தொன்று. கணவர் எட் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அவளே சொல்லுவாள், அதில் பொய்யில்லை.

வேலை என்று பார்த்தால் நூறு வேலை. வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும், தாமதமாக வருகிறவர்களுக்குச் சீட்டு எழுத வேண்டும், வாந்தி எடுத்த பிள்ளைக்கு மாற்றுக் கால்சட்டை தேட வேண்டும், விழுந்த பல்லை உறையில் போட்டுப் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் போக, ஒரு பொத்தான். வெளியே யாராவது மணி அடித்தால் முகம் சின்னத் திரையில் தெரியும். லொரெய்ன் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கதவு 'டக்'கென்று திறக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் அவளுக்குத் தெரியாத முகம் கிடையாது. பாதிப் பேருக்கு அவளே பல் உறை கொடுத்திருக்கிறாள். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் விரல் பொத்தானுக்குப் போய்விடும். தெரிந்த முகத்தைப் பார்த்து "நீ யாரு, என்ன வேலையா வந்தே?" என்று கேட்பது எங்கள் ஊரில் முகத்தில் துப்புகிற மாதிரி. அப்படிக் கேட்ட பெண்ணுக்கு, வியாழக்கிழமைகளில் தீயணைப்பு மன்றத்தில் எல்லாரும் கூடிப் பிரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கிற மேசையில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

அந்த வருடம் பிப்ரவரியில், வேறெங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து சுட்டான். தொலைக்காட்சியில் நான்கு நாள் அதுவே ஓடியது. ஐந்தாம் நாள் தலைமையாசிரியர் கெம்மரர் எல்லா ஊழியர்களையும் பள்ளி நூலகத்துக்கு அழைத்தார். நாற்பது வயதுக்காரர், எதையும் பட்டியல் போட்டால் பாதி முடிந்துவிட்டது என்று நம்புகிறவர். பெரியவர்கள் எல்லாரும் ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். லொரெய்ன் வழக்கம்போல் ஓரமாகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தாள். குறிப்பெடுக்கிறவள் பேசுவதில்லை, அது எழுதாத சட்டம்.

“போலீஸ் வர இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்,” என்றார் கெம்மரர். “அதுவரைக்கும் நம்ம கையில என்ன இருக்கு? அதுதான் கேள்வி. யாரு வேணாலும் யோசனை சொல்லலாம். எதுவும் முட்டாள்தனம் இல்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். துப்புரவு வேலை பார்க்கும் ஸ்டோல்ட்ஸ் உடனே கையைத் தூக்கினார்.

“குளவி மருந்து. ஆளுக்கொரு டின். இருபது அடி பாயும், கண்ணுல பட்டா ஆளு காலி.”

“போன ஆகஸ்ட்ல அது பாஞ்சது உன் மூஞ்சிலதானய்யா,” என்றாள் சமையற்கட்டு ஜோசி. “ரெண்டு நாள் பூசணிக்காய் மாதிரி அலைஞ்சே. அதுவும் குளவிக்குன்னு எழுதியிருக்கு, மனுஷனுக்கில்ல. குளவியே அரை மணி நேரம் பறந்துட்டுத்தான் சாவுது.”

“அப்ப நீ சொல்லேன்.”

“என்கிட்ட அறுபது பேருக்குக் காபி கொதிக்கிற அண்டா இருக்கு. மக்காச்சோள டின்னு இருக்கு, ஒண்ணொண்ணும் மூணு கிலோ. என் கிச்சனுக்குள்ள வரட்டும் பாப்போம்.”

“அவன் உன் கிச்சனுக்கு வருவானா? சாப்பாடு நல்லா இருந்தாத்தானே வருவான்,” என்றார் ஸ்டோல்ட்ஸ். சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. சிரித்ததற்காக எல்லாருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பேஸ்பால் மட்டை. ஹாக்கி வட்டு. தீயணைக்கும் உருளை. பாலர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி, “எங்கிட்ட இருக்கிறது பசையும் மொக்கைக் கத்தரியும்,” என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். அப்புறம் கெம்மரர் தன் பட்டியலை எடுத்தார். ஆற்றுக் கல். வகுப்புக்கு ஒரு வாளி, கதவுக்குப் பக்கத்தில். உள்ளே நுழைகிறவன் மேல் இருபது பேர் ஒரே நேரத்தில் எறிந்தால் குறி வைக்க அவனால் முடியாதாம். செலவும் இல்லை, ஓடை பின்னாலேயே ஓடுகிறது.

“இருபது பேருன்னா? பிள்ளைங்களையும் சேத்தா?” என்று ஜோசி கேட்டாள்.

நாலாம் வகுப்பு ஆசிரியர் ஹெய்ஸ்லர் அப்போதுதான் வாயைத் திறந்தார். ராணுவத்தில் இருந்து இரண்டு முறை போருக்குப் போய் வந்தவர், அதிகம் பேசமாட்டார். “சும்மா மூலையில குனிஞ்சு உக்காந்து காத்திருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கையில ஒண்ணு இருந்தா மனசு கொஞ்சமாவது நிக்கும். நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்க கல்லெறியத் தெரியாதவங்களா? ஓடைக்குப் போனா வேற என்ன செய்யறாங்க?”

“துப்பாக்கிக்காரன் மேல பத்து வயசுப் பிள்ளை கல்லெறியணுமா? உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?”

“எறியாம இருந்தா மட்டும் விட்டுருவானா, ஜோசி?”

இரண்டரை மணி நேரம் போயிற்று. கல்லா, மட்டையா, யார் கையில், எந்த வயதிலிருந்து என்று பேசிப் பேசி, கடைசியில் வகுப்பாசிரியர்களை மட்டும் கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பதுக்கு ஐந்து. நாலாம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளைக்கு ஒரு கல். அதற்குக் கீழே ஆசிரியர் மட்டும். பதினான்கு அறை, பதினான்கு வாளி.

“லொரெய்னுக்கு?” என்று ஜோசி கேட்டாள். “வாசல்ல முதல்ல இருக்கிறது அவதானே? அந்த அறைக்குக் கதவுகூடக் கிடையாது, வெறும் தட்டிதான்.”

கெம்மரர் பட்டியலைப் பார்த்தார். “லொரெய்ன் சிவப்புப் பட்டனை அழுத்தி மைக்ல எல்லாருக்கும் சொல்லணுமே. அவங்க கைக்கு அந்த வேலை இருக்கு.”

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. லொரெய்ன் குனிந்து, 'முன் அலுவலகம்: வாளி தேவையில்லை' என்று எழுதினாள். அன்றைக்கு அவளுக்கு வந்தது பயமில்லை, கோபம். முப்பது பேர் எதை எறிவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். யாரை உள்ளே விடுவது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்றால், அதுவும் தெரியாது.

ஸ்டோல்ட்ஸ் ஓடையிலிருந்து கல் பொறுக்கி வந்து ஜோசியின் பெரிய தொட்டியில் கழுவினார். அதற்கு ஒரு சண்டை நடந்தது. ஒன்றாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை ஆசிரியைக்குத் தெரியாமல் நான்கு கற்களுக்குக் கண்ணும் வாயும் வரைந்துவிட்டது.

மார்ச் தொடக்கத்தில், பிள்ளைகளுக்கு விடுமுறையான ஒரு நாளில் ஒத்திகை வைத்தார்கள். பயிற்சி கொடுக்க ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். மதியத்துக்குள் 'ஆள்' வருவான், தயாராக இருங்கள் என்று மட்டும் சொன்னார். லொரெய்ன் காலையிலிருந்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால் தையல் இயந்திரம் மிதிப்பதுபோல் ஆடியது. அறியாத முகம் எது வந்தாலும் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பத்து மணிக்கு மணி அடித்தது. தீயணைப்பு மன்றத்துக் கேரி. தோளில் மடக்கு மேசை வைக்கிற நீளப் பை. ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் மன்றத்தில் மீன் விருந்து. அதற்குப் பள்ளி மேசைகளை அவன் இரவல் வாங்குவது வருடாவருடம் நடக்கிறது. விரல் போயிற்று. 'டக்.'

“என்ன கேரி, இந்த வெள்ளிக்கிழமை கோஸ் போட்ட ஹாலுஷ்கி உண்டா, இல்ல வெறும் மீனோட ஏமாத்தப் போறியா?”

கேரியின் முகம் பீட்ரூட்டாகியிருந்தது. பையைத் திறந்து, ஆரஞ்சு வர்ணம் அடித்த மரத் துப்பாக்கியை எடுத்தான். “மன்னிச்சிக்க லொரெய்ன். அவருதான் சொல்லச் சொன்னாரு... பேங்.”

அதன்பின் நடந்ததெல்லாம் ஒத்திகைதான். கேரி நடையில் போனான், கதவுகள் பூட்டிக்கொண்டன, இரண்டு அறையில் கற்களுக்குப் பதில் டென்னிஸ் பந்து பறந்தது. முடிவில் பயிற்சியாளர் நூலகத்தில் நின்று சொன்னார்: “பூட்டு நல்லா இருக்கு. கண்ணாடி நல்லா இருக்கு. ஆனா அவன் எதையும் உடைக்க வேண்டி வரல. கதவெல்லாம் பூட்டறதுக்கு முன்னாலேயே அவனுக்கு உள்ள வரவேற்பு கிடைச்சுது.” பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

எல்லாரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஜோசி மறுநாள் அக்ரூட் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள்.

“கேரிப் பயலுக்கு இனிமே என் கையால ஒரு துண்டு மீன் கிடையாது. விடு லொரெய்ன். நானா இருந்தாலும் திறந்திருப்பேன்.”

“நீ கதவுல இல்லையே,” என்றாள் லொரெய்ன். “இருநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க, ஜோசி. நான் அவன்கிட்ட ஹாலுஷ்கி இருக்கான்னு கேட்டேன்.”

புது விதியை அவளே எழுதி அவளே தட்டச்சு செய்தாள். யாராக இருந்தாலும் பெயர், வந்த வேலை, இரண்டு கையும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். மூன்றும் ஆகாமல் கதவு திறக்காது. முதல் நாள் மாட்டினது அவளுடைய நாத்தனார், எட்டின் தங்கை.

“பேரு சொல்லுங்க.”

“என்னது?”

“பேரு, வந்த வேலை. கையைத் தூக்கிக் காட்டுங்க.”

“அடியே, உன் கல்யாணத்துக்கு மணப்பெண் தோழியா நின்னவ நான். இந்தக் கையாலதான் உன் முக்காட்டைப் பிடிச்சேன். காட்டவா?”

காட்டினாள், காட்டின விதம் அவ்வளவு நன்றாக இல்லை. பால் வண்டிக்காரர் தினமும் இரண்டு கையையும் தூக்கி 'சரணடையறேன்' என்று கத்தினார். வியாழக்கிழமை பிரோகி மேசையில் அவள் உட்கார்ந்ததும் பேச்சு வானிலைக்கு மாறியது. நாத்தனார் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்து உருளைக்கிழங்கு பிசைந்தாள். லொரெய்ன் நூற்றைம்பது பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தன் ஊரே தன்னைச் சந்தேகக்காரி என்று பார்க்கிறது. அவளோ தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கேட்கிறதெல்லாம் சரி, கேட்ட பிறகு ஒருத்தன் பதில் சொல்லாமல் நின்றால்? தெரிந்த பையன், அழுகிற முகம், அப்போது விரல் நிற்குமா? அதைத்தான் நாள் முழுக்க மனசு அரித்தது.

மார்ச் கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு அந்தக் கேள்வி வாசலில் வந்து நின்றது.

திரையில் வேட் ஷாஃபர். மர அறுவை ஆலையில் வேலை. சின்ன வயதில் வாரம் ஒரு முறையாவது மூக்கில் ரத்தத்தோடு அவள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பையன். இப்போது முப்பத்து நான்கு. மகள் டெல்லா நாலாம் வகுப்பில், ஹெய்ஸ்லரிடம் படிக்கிறாள். குடி முற்றிப்போய், ஜனவரியில் மனைவி நீதிமன்றத்துக்குப் போனாள். அவன் மகளை நெருங்கக் கூடாது என்ற உத்தரவின் நகல் லொரெய்னின் இழுப்பறையில் இருந்தது. வீட்டிலிருந்த துப்பாக்கிகளை ஷெரிப் ஆட்கள் வாங்கிப் போனதாகக் கேள்வி. எல்லாவற்றையுமா என்று யாருக்குத் தெரியும்? மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்குப் பள்ளி விடுமுறை விடுகிற ஊர் இது.

வேட் தடித்த வேட்டைக் கோட்டு போட்டிருந்தான். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

“மிஸஸ் ஹவ்ரிலா, நான்தான். திறங்க.”

“வேட், நீ இங்க வரக்கூடாதுன்னு உனக்கே தெரியும்.”

“ரெண்டே நிமிஷம். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. அவகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும்.”

“என்கிட்ட சொல்லு. நான் அவகிட்டச் சொல்றேன்.”

“அது நான் சொல்லணும்.” முகம் கேமராவுக்கு மிக அருகே வந்தது. தாடி மழிக்கவில்லை, கண் சிவந்திருந்தது. “உங்களுக்கு என்னைத் தெரியும்ல?”

தெரியும். அதுதான் சிக்கல். விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. அது எப்போது அங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

“கையை வெளிய எடு, வேட்.”

அவன் எடுக்கவில்லை.

“வேட், கண்ணா, கையை எடுத்து எனக்குக் காட்டு. அப்புறம் பேசலாம்.”

“இது நான், மிஸஸ் ஹவ்ரிலா! என்கிட்டயா கேக்கறீங்க?”

கை வெளியே வரவேயில்லை. தோளால் கதவை இடித்தான். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு தலையை அண்ணாந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, “டெல்லா!” என்று கத்தினான். லொரெய்ன் பச்சையிலிருந்து விரலை எடுத்துச் சிவப்பில் வைத்தாள். மைக்கில் அவள் குரல் நடுங்கவேயில்லை. “பூட்டுங்கள். இது ஒத்திகை அல்ல. பூட்டுங்கள்.” நடை நெடுகக் கதவுகள் அடைபடுகிற சத்தம் வந்தது. பூட்டே இல்லாத அந்தத் தட்டிக்குப் பின்னால், திரையைப் பார்த்தபடி அவள் மட்டும் இருந்தாள். அவன் இன்னும் மூன்று முறை மகளைக் கூப்பிட்டான். பிறகு படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்போதும் கை பைக்குள்தான்.

இருபத்திரண்டு நிமிடம். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அவனைக் குப்புறப் படுக்க வைத்துப் பையைத் துழாவினார்கள். டிரக் சாவி, ஒரு லைட்டர், பாதி தீர்ந்த சூயிங்கம் பொட்டலம். வண்டியிலும் ஒன்றுமில்லை.

இளைய போலீஸ்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். “நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி, மேடம்.”

“அப்ப ஏன் கையை எடுக்கல அவன்?”

“நடுங்குதாம். குடியை விட்டு ஆறு நாளாம். அதைத்தான் பொண்ணுகிட்ட சொல்ல வந்தானாம். நடுங்குறதை நீங்க பாக்கக்கூடாதுன்னு பைக்குள்ளயே வச்சிருந்தேன்னு சொல்றான்.”

லொரெய்ன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சரி என்று எல்லாரும் சொன்னார்கள். கெம்மரர் சொன்னார், ஸ்டோல்ட்ஸ் சொன்னார், ஜோசி கட்டிப்பிடித்துச் சொன்னாள். தன் விரல் நின்றது அவளுக்கும் தெரியும். நாளைக்கு இன்னொரு முறை வந்தாலும் நிற்கும். அப்படியும் அந்த ஆறு நாள் மனசை விட்டுப் போகமாட்டேன் என்றது.

டெல்லாவை அம்மா வரும்வரை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். ஒல்லிப் பெண், முன்பல்லில் கம்பி. லொரெய்ன் ஒரு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தாள். பிள்ளை அதை வாயில் போடாமல் கையில் வைத்திருந்தது.

“அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

“ஆமாம்மா. அவருக்கு அடி ஒண்ணும் படல.”

“குரல் கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு.” மிட்டாயை மற்றக் கைக்கு மாற்றினாள். “மிஸ்டர் ஹெய்ஸ்லர் விளக்கை அணைச்சிட்டு ஆளுக்கொரு கல்லு எடுத்துக்கச் சொன்னாரு. எல்லாரும் எடுத்துட்டு என்னையே பாத்தாங்க. நான் எடுக்கலைன்னா தப்புன்னு நினைப்பாங்கல்ல? அதனால எடுத்தேன்.”

லொரெய்ன் பிள்ளையின் தோளில் கை வைத்தாள்.

“இருக்கிறதுலயே சின்னதாப் பாத்து எடுத்தேன், மிஸஸ் ஹவ்ரிலா,” என்றாள் டெல்லா. “வலிக்காததா.”

இருபத்தேழு வருடத்தில் ஒரு பிள்ளை முன்னால் லொரெய்ன் அழுததில்லை. அன்றைக்கு அழுதாள், மறைக்கவும் இல்லை. டெல்லாவின் அம்மா வந்து அவளை அழைத்துப் போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கெம்மரர் அறைக்குப் போனாள்.

“என் நாற்காலில உக்காருங்க. மணி அடிச்சா பேரு, வேலை, கை. மூணும் கேளுங்க.”

“லொரெய்ன், எங்க போறீங்க?”

அவள் நாலாம் வகுப்புக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ஹெய்ஸ்லர் திறந்தார். பத்தொன்பது பிள்ளைகள் அவளைப் பார்த்தன. அவள் நேரே போய் வாளியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“லொரெய்ன், அது கை தூக்கி முடிவு பண்ணினது,” என்றார் ஹெய்ஸ்லர் தணிந்த குரலில்.

“தெரியும். கதவை நான் பாத்துக்கறேன். பெத்த தாயே வந்து நின்னாலும் கேட்டுட்டுத்தான் திறப்பேன், ஊரு என்ன வேணாலும் சொல்லிக்கட்டும். ஆனா இதை இந்தப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க.”

வாளி நல்ல கனம். இடுப்பு வலி வேறு. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்குத் திரும்பினாள். ஹெய்ஸ்லர் விலகி வழிவிட்டார். அடுத்தது ஐந்தாம் வகுப்பு.